வெள்ளிக் காசில் அகஸ்டஸ்

உரோமப் பேரரசின் முதல் வேந்தன் அகஸ்டஸ் கி.மு. 63இல் பிறந்தான். இயற்பெயர் ஆக்டேவியஸ். இவனுடைய தாய்க்குத் தாய்மாமன் ஜூலியஸ் சீசர். கி.மு. 44இல் சீசர் குத்திக் கொல்லப்பட, அவனது உயிலின்படி இவன் அவனுக்கு மகனானான். அப்போது வயது 18. நம் முதலாண்டு மாணவரின் வயது!

அவ்வாண்டே வானில் ஒரு வால்மீன் தோன்றிற்று. சீசரின் உயிரே விண்ணேறியதென மக்கள் நம்பினர். கி.மு. 42இல் ஆட்சிமன்றம் சீசரைத் தெய்வமென அறிவித்தது. இவன் தெய்வத்தின் மகனானான். நான்கு கிராமுக்கும் குறைந்த தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசில் அப்பட்டமும், பின்னாளில் அவ்வால்மீனும் பொறிக்கப்பட்டன. செய்தித்தாள் இல்லாத நாளில் படைவீரனின் சம்பளமே செய்தி சுமந்தது. (வெள்ளி என்றால் ஆய்வுக்கூடத்து வெள்ளி நைட்ரேட்டை மட்டுமே அறிந்த எனக்கு இது பெரு வியப்பு.) கி.மு. 30இல் எகிப்து வீழ்ந்தது; காசில் முதலை ஏறிற்று. கி.மு. 27இல் அகஸ்டஸ் என்ற பட்டம் பெற்றவன், கி.மு. 12இல் தலைமைக் குருவும் ஆனான்.

ஆண்மகவு இல்லாத குறைதான் அவனை வாட்டியது. மகள் ஜூலியாவின் மைந்தர் காயஸ், லூசியஸ் இருவரையும் தத்தெடுத்தான். கி.மு. 2 முதல் வெளிவந்த காசில் அவ்விருவரும் கேடயமும் ஈட்டியும் கொண்டு நிற்கின்றனர். மேலே குருமாரின் கரண்டியும் வளைகோலும் உள்ளன. கி.பி. 2இல் லூசியஸ் மாண்டான், கி.பி. 4இல் காயஸும் மாண்டான். அவர்கள் நிற்கும் காசுகளோ வாணிகத்தில் கடல் கடந்து வந்து, நம் கொங்கு நாட்டுப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்துள்ளன.

வேறு வழியின்றி, மனைவியின் முதல் மணத்து மகன் டைபீரியஸை வாரிசாக்கினான் முதியவன். கி.பி. 14இல் கண்மூடினான். ஆட்சிமன்றம் அவனையும் தெய்வமாக்கியது. டைபீரியஸின் வெள்ளிக் காசில், தெய்வ அகஸ்டஸின் மகன் என்ற பட்டம் ஏறிற்று.