யூசுப் மெஹர் அலி

ஒரு கோஷம் ஊரெல்லாம் பரவிவிட்டால், அதை முதலில் யாத்தவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. பம்பாயில் 1903-ஆம் ஆண்டு பிறந்த யூசுப் மெஹர் அலியின் கதை அத்தகையது.

வசதியான குடும்பத்தில் பிறந்து சட்டம் பயின்றவர் அவர். ஆனால், அரசியல் ஈடுபாட்டின் காரணமாக, வழக்கறிஞராகத் தொழில் நடத்த அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர் கலங்கினாரில்லை, இளைஞரைத் திரட்டலானார்.

இந்தியாவின் அரசியல் சீர்திருத்தத்தை ஆராய, இந்தியர் ஒருவர்கூட இல்லாத எழுவர் குழு சைமன் தலைமையில் வந்தது. 1928 பிப்ரவரி 3-ஆம் நாள் அது பம்பாயில் இறங்கியபோது, மெஹர் அலியும் பம்பாய் இளைஞர் சங்கத் தோழர்களும் கறுப்புக் கொடியுடன் எதிர்த்து நின்றனர். சைமனைத் திரும்பிப் போகச் சொன்ன கோஷம் அவர் யாத்ததே. பின்னர் அக்குழு சென்ற ஊர்தோறும் அதுவே ஒலித்தது.

1934-இல் காங்கிரசுக்குள் சோஷலிஸ்டுக் கட்சி தோன்றியது. அதை நிறுவியவருள் அவரும் ஒருவர். 1942-இல் லாகூர் சிறையில் இருந்தபோதே பம்பாய் மேயர் பதவிக்கு நிறுத்தப்பட்டு, விடுதலையாகி வந்து வென்றார். அவ்வாண்டு ஆகஸ்டுப் போராட்டத்திற்குக் காந்தியடிகள் ஏற்றுக்கொண்ட, ஆங்கிலேயரை வெளியேறச் சொன்ன கோஷத்தைத் தந்தவரும் அவரே என்பர். மேயராயிருந்தவரைச் சிறை மீண்டும் அழைத்துக்கொண்டது. சிறைவாசத்தில் இதயம் நலிந்தது. 1950 ஜூலை 2-ஆம் நாள், 46-ஆம் வயதிலேயே மறைந்தார்.

அவ்விரு கோஷங்களையும் பள்ளிப் பிள்ளையும் அறியும். யாத்தவர் பெயரையும் நாம் அறிந்து வைப்போமாக!