வேலிக்கு அந்தப் பக்கம் கோமாரி, இந்தப் பக்கம் ஒன்றுமில்லை: ஆல்பர்ட் ஹோவர்டும் புல்வேரில் வாழும் பூஞ்சையும்

பீகாரில் பூசா என்று ஓர் ஊர். நூறு வருஷத்துக்கும் முன்னால் அங்கே இருந்த அரசு வேளாண் பண்ணையில் இரண்டு மாட்டுக் கொட்டில்கள் அருகருகே இருந்தன. நடுவில் தாழ்வான ஒரு வேலி, அவ்வளவுதான். ஒரு பக்கத்து மாடுகளுக்கு அடிக்கடி கோமாரி வரும். வாயில் புண், காலில் புண், தீவனம் எடுக்காது. மறுபக்கத்து உழவு மாடுகள் அந்த நோயாளி மாடுகளோடு வேலிக்கு மேலே மூக்கோடு மூக்கு உரசி நின்றன. அவற்றுக்குத் தடுப்பூசியும் போடவில்லை. ஆனாலும் நோய் வரவில்லை.

அந்த மாடுகளின் சொந்தக்காரர் ஆல்பர்ட் ஹோவர்ட். இதைத் தன் கண்ணால் பலமுறை பார்த்ததாக அவர் பின்னாளில் பதிவு செய்தார். காரணம் மாட்டில் இல்லை, அது தின்ற தீவனத்தில் இருக்கிறது, அந்தத் தீவனம் வளர்ந்த மண்ணில் இருக்கிறது என்று நம்பினார். மண்ணில் அப்படி என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு அவர் கடைசியில் கண்டுபிடித்த பதில் ஒரு பூஞ்சை. அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி?

யார் இந்த ஹோவர்ட்?

1873 டிசம்பர் 8-ம் தேதி, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் உள்ள பிஷப்ஸ் காசில் என்ற ஊரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்தார். 1899-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், பயிர்களுக்கு நோய் தரும் பூஞ்சைகளை ஆராயும் வேலையில் சேர்ந்தார். அதாவது, வேலையைத் தொடங்கும்போது பூஞ்சை அவருக்கு எதிரி.

அங்கேயே அவருக்கு ஒரு சங்கடம் உண்டானது. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து விவசாயிக்கு ஆலோசனை சொல்கிறோம். நமக்கென்று ஒரு காணி நிலம்கூட இல்லையே, சொன்னதை நாமே செய்து பார்க்க முடியவில்லையே என்ற சங்கடம். அது தீர்ந்தது 1905-ல், இந்தியாவில். பூசாவில் பேரரசின் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவி கிடைத்தது. கூடவே பயிர் செய்து பார்க்க நிலமும் கிடைத்தது.

அதே ஆண்டு கேப்ரியல் மத்தேயியைத் திருமணம் செய்தார். கேப்ரியல் சும்மா கூட வந்தவர் இல்லை. ஒளிச்சேர்க்கை பற்றிக் கேம்பிரிட்ஜில் முக்கியமான ஆய்வுகள் செய்தவர். பின்னாளில் அவரும் அதே துறையில் அரசுப் பதவி பெற்றார். பூசா 4, பூசா 12 போன்ற கோதுமை ரகங்கள் இருவரின் கூட்டு உழைப்பில் வந்தவை.

தீவனமும் இவர்கள் வேலையில் ஒரு பகுதி. கோடையில் குவெட்டாவுக்குப் போய் பழ மரங்களோடு சேர்த்து, ஷஃப்தல் என்ற க்ளோவர் வகைத் தீவனத்தையும் ஆராய்ந்தார்கள். நிலத்துக்கும் நல்லது, காய வைத்தால் கால்நடைக்கும் தீவனம்.

பூசாவைச் சுற்றியிருந்த விவசாயிகள் எந்த உரமும் பூச்சிமருந்தும் வாங்காமல் பயிர் செய்வதை ஹோவர்ட் கவனித்தார். அவர்களைத் திருத்தப் போகாமல், அவர்களிடம் கற்றுக்கொள்ள முடிவு செய்தார். அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவருக்கு இது சாதாரண முடிவு இல்லை.

இந்தூரில் ஒரு கம்போஸ்ட் குழி

1924-ல் இந்தூரில் புதிதாகத் தொடங்கிய தாவரத் தொழில் நிறுவனத்துக்கு இயக்குநர் ஆனார். பயிர்க்கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, இடையிடையே புரட்டிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் மக்கு உரம் தயார். இதுதான் உலகம் முழுக்கப் பரவிய இந்தூர் முறை. இதை விளக்கும் புத்தகம் 1931-ல் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டே கேப்ரியல் இறந்துவிட்டார். ஹோவர்ட் இங்கிலாந்து திரும்பினார். 1934-ல் சர் பட்டம் வந்தது.

இதுவரை கதையில் வேர்ப்பூஞ்சை வரவே இல்லை, இல்லையா? அது வந்தது தேயிலைத் தோட்டத்திலிருந்து.

துப்பு கொடுத்த தேயிலை

இந்தியா, இலங்கைத் தோட்டங்கள் சிலவற்றில் இந்தூர் முறை கம்போஸ்ட் போட்டதும் தேயிலைச் செடிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேறின. மக்கு உரம் மெல்ல மெல்லச் சிதைந்து சத்து கொடுத்தது என்று மட்டும் சொன்னால் கணக்கு ஒத்துவரவில்லை. அப்போது அவருக்கு மேபல் ரெய்னர் என்ற ஆய்வாளரின் வேலை நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தின் வேர்ஹாம் காட்டில், வறண்டுபோன மண்ணில் கம்போஸ்ட் சேர்த்ததும் ஊசியிலை மரக்கன்றுகளின் வேரில் பூஞ்சைகள் கூடி, கன்றுகள் வளர்ந்ததை ரெய்னர் காட்டியிருந்தார்.

செடியின் வேரும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் இந்த உறவுக்கு மைக்கோரைசா என்று பெயர். 1885-ல் இந்தப் பெயரை வைத்தவர் ஜெர்மனியின் ஆல்பர்ட் பிராங்க். நம்மூர் உரக்கடையில் 'வாம்' என்று கேட்டால் கொடுக்கிறார்களே, அது இந்த வகைப் பூஞ்சைதான். வேளாண் துறையினர் வேர் உட்பூசணம் என்றும் சொல்வார்கள்.

தேயிலை வேரிலும் இது இருக்கும் என்று ஹோவர்ட் ஊகித்தார். வேர்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஊகம் சரியாக இருந்தது. 1937-38 குளிர்காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கரும்பு, பருத்தி, புல், க்ளோவர் என்று பல பயிர்களின் வேர் மாதிரிகளைத் திரட்டி, ரெய்னரோடு பணியாற்றிய ஐடா லெவிசோனிடம் கொடுத்தார். பெரும்பாலானவற்றில் பூஞ்சை இருந்தது.

ஹோவர்டுக்கு எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. மக்கு நிறைந்த மண், அதில் பூஞ்சை, அதன் வழியே சத்தான புல், அதைத் தின்னும் நோயற்ற மாடு. மேய்ச்சல் நிலத்தில் சாணமும் மூத்திரமும் பழைய புல்லும் கலந்து புல்தரைக்கு அடியிலேயே கம்போஸ்ட் உருவாகிறது என்றார். வில்ட்ஷயரில் நகரும் கறவைக் கொட்டகையோடு மாடுகளைத் திறந்தவெளியில் மேய்த்து, தரிசான மேட்டு நிலத்தை மீட்ட ஆர்தர் ஹோசியரின் பண்ணையை இதற்கு உதாரணமாகக் காட்டினார். 1940-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூலான 'ஓர் வேளாண் மரண சாசனம்' இந்தக் கோட்டை உலகத்துக்கு எடுத்துச் சொன்னது.

எங்கே சறுக்கினார்?

முதலில் மாடு விஷயம். பூசாவில் நடந்தது ஒரு கவனிப்பு மட்டுமே. ஒரே மாதிரியான மாடுகளை இரண்டு குழுவாகப் பிரித்து, தீவனத்தை மட்டும் மாற்றிப் பார்த்த சோதனை இல்லை. நல்ல தீவனம் மாட்டுக்கு நல்லது. ஆனால் கோமாரி வைரஸைத் தடுக்க இன்றைக்கும் நம்ப வேண்டியது தடுப்பூசியைத்தான். இதில் குழப்பமே வேண்டாம்.

அடுத்து பூஞ்சை. வேருக்குள் நுழைந்த பூஞ்சையை வேரே செரித்து, அதன் புரதத்தை எடுத்துக்கொள்கிறது என்று ஹோவர்ட் நினைத்தார். வேர் செல்லுக்குள் பூஞ்சை குட்டி மரம் மாதிரி கிளைவிடுவதும், சில நாட்களில் அது சிதைந்துபோவதும் உண்மை. ஆனால் சத்துப் பரிமாற்றம் நடப்பது அது உயிரோடு இருக்கும்போது. முக்கியமாகக் கைமாறுவது புரதம் அல்ல, மணிச்சத்து எனும் பாஸ்பரஸ்.

அப்படியானால் புல்லுக்கு என்ன லாபம்?

பாஸ்பரஸ் மண்ணில் இரும்பு, அலுமினியம், கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் நகராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதைக் காலி செய்துவிட்டு நின்றுவிடும். தலைமுடியைவிட மெல்லிய பூஞ்சை இழைகளோ பல சென்டிமீட்டர் தாண்டிப் போய்ப் பாஸ்பரஸை எடுத்து வரும். இது இலவசம் இல்லை. செடி தயாரிக்கும் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட பூஞ்சைக்குக் கூலியாகப் போகலாம்.

அதனால் எல்லாத் தீவனத்துக்கும் ஒரே லாபம் கிடையாது. க்ளோவர், குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனங்களுக்கு லாபம் அதிகம். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்க அவற்றுக்குப் பாஸ்பரஸ் நிறைய வேண்டும். மெல்லிய வேர்களை அடர்த்தியாக விடும் குளிர்ப்பகுதிப் புற்கள் தாங்களே சமாளித்துக்கொள்ளும். கடுகுக் குடும்பத்துப் பயிர்கள் இந்தப் பூஞ்சையோடு கூட்டே வைப்பதில்லை.

இன்னொரு சுவாரசியம். அமெரிக்காவின் கான்சாஸ் புல்வெளியில் வேர்ப்பூஞ்சைகளை மருந்தால் ஒடுக்கிப் பார்த்தார்கள். உயரமான, ஆதிக்கம் செலுத்தும் புற்கள் தளர்ந்தன; அடங்கிக் கிடந்த மற்ற செடிகள் தலைதூக்கின, செடிவகைகள் கூடின. ஐரோப்பியச் சுண்ணாம்பு நிலப் புல்வெளிகளை மாதிரியாக வைத்துச் செய்த சோதனையிலோ, பூஞ்சை வகைகள் கூடக் கூடச் செடிவகைகளும் கூடின. பூஞ்சை எல்லோருக்கும் பொதுவான வள்ளல் இல்லை. யாருக்குக் கை கொடுக்கிறது என்பதைப் பொறுத்துப் புல்வெளியின் முகமே மாறும்.

ஹோவர்ட் சரியாகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பாஸ்பரஸ் உரத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் செடி பூஞ்சைக்குக் கூலி கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது, வேரில் பூஞ்சை குறைகிறது. திரும்பத் திரும்ப உழுதால் இழைகள் அறுபடுகின்றன. நிலத்தைச் செடியே இல்லாமல் போட்டால் பூஞ்சைக்குச் சோறு இல்லை. ஆகவே வாம் பாக்கெட் வாங்குவதற்கு முன்னால் மண் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. பாஸ்பரஸ் ஏற்கெனவே மிகுதியாக இருக்கும் நிலத்தில் அந்தப் பாக்கெட்டால் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது.

கடைசிக் காலத்தில் ஹோவர்ட் ரசாயன உரத்தை முழுசாக எதிர்த்தார். அறிவியல் உலகத்தில் பலர் அவரை ஒதுக்கினார்கள். இயற்கை விவசாய இயக்கம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. இரண்டு தரப்பும் சண்டையில் இருந்தபோது, வேரைக் கழுவி நுண்ணோக்கியில் பார்க்கும் வேலை பின்னால் போனது. 1950-களில் பார்பரா மோஸ் போன்றவர்கள் அந்த வேலையைச் சோதனைகளோடு முன்னெடுத்தார்கள்.

அதைப் பார்க்க ஹோவர்ட் இல்லை. இந்தியா விடுதலை அடைந்து இரண்டு மாதம் கழித்து, 1947 அக்டோபர் 20-ம் தேதி அவர் இறந்தார். பயிர் செய்யக் கற்றுக்கொண்டது இந்தியாவில்தான் என்பதைக் கடைசிவரை அவர் மறைக்கவில்லை.