மீண்டும் முதல் பாடத்திலிருந்து...



பியானோ கற்கத் தொடங்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் முதல் சில மாதங்களுக்கு ஒரே ஒலிதான் கேட்டுக்கொண்டிருக்கும். எட்டு சுரங்கள் மேலே ஏறும், பிறகு கீழே இறங்கும். பிள்ளைக்குச் சலிப்பு; பெற்றோருக்குத் தலைவலி. எப்போதுதான் ஒரு பாட்டு சொல்லித் தருவார்களோ என்று இருவருமே ஏங்குவார்கள். இந்தச் சலிப்பை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பியானோ கலைஞர் என்று போற்றப்பட்டவரும் அனுபவித்தார். அதுவும் மேடையேறிக் கைத்தட்டல் வாங்கிய பிறகு! அவர்தான் ஃபிரான்ஸ் லிஸ்ட்.

1811-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் ரைடிங் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அன்று ஹங்கேரி அரசைச் சேர்ந்திருந்த அந்த ஊர், இன்று ஆஸ்திரியாவில் உள்ளது. தந்தை ஆதாம் லிஸ்ட், எஸ்தர்ஹாசி பிரபுவின் பண்ணையில் ஆட்டு மந்தைகளை மேற்பார்வை செய்யும் அலுவலர். இளமையில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நவசந்நியாசியாக இருந்து வெளியேறியவர். இசையில் தேர்ச்சி பெற்றவர். மாலை வேளைகளில் அவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தான், அடிக்கடி நோய்வாய்ப்படும் அந்த மெலிந்த சிறுவன். ஆறேழு வயதில் தந்தையே அவனுக்கு முதல் ஆசிரியர் ஆனார்.

1820-இல், ஒன்பது வயதில், பொது மேடைகளில் வாசித்தான். அவ்வாண்டு நவம்பரில் பிரஸ்பர்க் நகரில் (இன்றைய பிராட்டிஸ்லாவா) அவன் வாசித்ததைக் கேட்ட பிரபுக்கள் சிலர், அவனது கல்விக்கு ஆறு ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 600 குல்டன் தருவதாக வாக்களித்தனர். அத்தொகை மட்டும் போதாது. தந்தை மனதில் நினைத்திருந்த புகழ்பெற்ற ஆசிரியர் ஹும்மல் கேட்ட கட்டணமோ எட்டாத உயரத்தில் இருந்தது. ஆயினும் 1822-இல், நிலையான வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு, மனைவி அன்னாவையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஆதாம் வியன்னா சென்றார். ஒரு குடும்பத்தின் பிழைப்பே அச்சிறுவனின் பத்து விரல்களை நம்பியிருந்தது.

அங்கே அவர்கள் நாடிச் சென்றவர் கார்ல் செர்னி. இன்றும் பியானோ கற்கும் மாணவர்களின் கைகளில் இவரது பயிற்சி நூல்கள் இருக்கின்றன. செர்னி இச்சிறுவனை ஏற்கெனவே 1819-இல் ஒருமுறை பார்த்திருந்தார். வெளிறிய முகம். குடித்தவன்போல நாற்காலியில் ஆடி ஆடி வாசிப்பு. எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்ற ஒழுங்கே இல்லை. தாளமும் நிற்கவில்லை. ஆனால் இயற்கை அவனுக்கு அள்ளிக் கொடுத்திருந்த திறமையைக் கண்டு செர்னி வியந்தார்.

அந்தத் திறமையை அவர் என்ன செய்தார்? புகழ்ந்து மேடையேற்றவில்லை. முதல் பாடத்துக்குத் திருப்பி அனுப்பினார்! நம் ஊரில் கர்நாடக இசை கற்பவர் சரளி வரிசையில் தொடங்குவதுபோல, பியானோவில் 'ஸ்கேல்' எனப்படும் சுர வரிசைகள் உண்டு. வலக்கையின் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று விரல்களுக்கு எண் தருவார்கள். 1, 2, 3 என்று மூன்று கட்டைகளை அழுத்தியதும், கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து நான்காம் கட்டையைப் பிடிக்க வேண்டும். பிறகு 2, 3, 4, 5. எட்டு சுரங்களை ஐந்து விரல்களால் இடைவெளி தெரியாமல் வாசிக்கும் வழி இதுதான். பெரியது பன்னிரண்டு, சிறியது பன்னிரண்டு என இருபத்து நான்கு வரிசைகள். அத்தனையையும் சீரான தாளத்தில், ஒரே அளவு அழுத்தத்தில் வாசிக்கும்வரை செர்னி விடவில்லை. பத்து வயதில் இதையே செர்னியும் தம் ஆசிரியர் பேத்தோவனிடம் செய்திருந்தார். தாம் பெற்றதைத்தான் அவர் கொடுத்தார்.

கைத்தட்டலுக்குப் பழகிய சிறுவனுக்கு இது கசந்தது. ஆனால் ஆசிரியர் அசையவில்லை, தந்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. பகலெல்லாம் மாணவர்களுக்குக் கற்பித்துக் களைத்த செர்னி, மாலையில் ஏறக்குறைய நாள்தோறும் அவனுக்காக நேரம் ஒதுக்கினார். அதற்குக் கட்டணம் பெறவும் மறுத்துவிட்டார். ஓராண்டுக்கும் மேல் இப்பயிற்சி நீடித்தது. 1822 டிசம்பர் 1-ஆம் நாள் வியன்னாவில் லிஸ்ட் மேடையேறியபோது, அந்தப் பழைய தடுமாற்றம் இல்லை.

1823-இல் குடும்பம் பாரிஸ் சென்றது. 1827 ஆகஸ்டில் தந்தை காய்ச்சலில் இறந்தார். பதினைந்தே வயதான லிஸ்ட், தாயைக் காப்பாற்ற மற்றவர்களுக்குப் பியானோ கற்பித்தார். அந்நாள்களில் குருமடத்தில் சேர விரும்பினார். தாயும் ஒப்புரவு அருட்சாதனம் அளித்துவந்த குருவும் அவரைத் தடுத்தனர்.

1832-இல் பகனினி என்னும் வயலின் கலைஞரின் வாசிப்பைக் கேட்டார். இருபது வயது, புகழும் இருந்தது. ஆனாலும் தமக்குத் தெரிந்தது போதாது என்று அன்று உணர்ந்தார். நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் விரல் பயிற்சிகளுக்கு மட்டுமே ஒதுக்கினார். பத்து வயதில் ஆசிரியர் கட்டாயப்படுத்தியதை, இருபது வயதில் தாமே விரும்பிச் செய்தார். பின்னாளில் ஐரோப்பாவையே வியக்கவைத்த அந்த வாசிப்புக்கு இந்த உழைப்பே அடித்தளம்.

லிஸ்டின் வாழ்வில் குறைகளே இல்லை என்று சொல்ல முடியாது. திருமணமின்றி மரி தகு என்னும் பிரபுக் குலப் பெண்ணுடன் வாழ்ந்து மூன்று குழந்தைகளுக்குத் தந்தையானார். ஆயினும் அவர் கை கொடுக்கத் தயங்காத கை. 1838-இல் தன்யூப் ஆற்று வெள்ளம் பெஸ்ட் நகரைச் சீரழித்தபோது, வியன்னாவில் இசை நிகழ்ச்சிகள் நடத்தி நிதி திரட்டினார். 1847-இல், முப்பத்தாறு வயதுகூட நிறையாதபோது, தம் வருமானத்துக்காக மேடையேறுவதையே நிறுத்திக்கொண்டார்.

1859-இல் மகன் தானியேலும், 1862-இல் மூத்த மகள் பிளாந்தினும் இறந்தனர். மனம் உடைந்த தந்தை, 1863-இல் உரோமை நகரின் மோந்தே மாரியோ குன்றில் இருந்த செபமாலை அன்னை துறவு மடத்தில் ஓர் அறையில் தங்கினார். அங்கே திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அவரைக் காண வந்தார். அவருக்காக லிஸ்ட் வாசித்தார். 1865-இல், ஐம்பத்து மூன்றாம் வயதில், திருச்சபையின் சிறு பட்டங்கள் நான்கையும் பெற்றார். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சீரமைப்பதற்கு முன் இருந்த அந்த வரிசையில் முதல் பட்டம் எது தெரியுமா? வாயில் காப்போன். ஐரோப்பாவின் அரண்மனைக் கதவுகள் தாமாகத் திறந்த ஒரு மனிதர், ஆலயக் கதவைத் திறந்து மூடும் பணியின் பட்டத்தை மண்டியிட்டுப் பெற்றார்! அவர் குருவாகவில்லை, திருப்பலி நிறைவேற்றவும் இல்லை. படியின் அடியிலிருந்து மீண்டும் தொடங்க மட்டும் தயங்கவில்லை.

1869 முதல் உரோமை, வைமார், புடாபெஸ்ட் ஆகிய மூன்று நகரங்களிலும் மாறிமாறி வாழ்ந்து இளம் கலைஞர்களுக்குக் கற்பித்தார். வைமாரில் பல நாடுகளிலிருந்தும் வந்து குவிந்த மாணவர்களிடம் அவர் கட்டணம் பெறவில்லை. செர்னி தமக்குச் செய்ததை அவர் மறந்துவிடவில்லை. 1852-இல் வெளியான தம் கடினமான பன்னிரண்டு பயிற்சிப் பாடல்களின் தொகுப்பையும் செர்னிக்கே காணிக்கையாக்கியிருந்தார். 1886 ஜூலை 31-ஆம் நாள் பைராய்ட் நகரில் லிஸ்ட் மறைந்தார்.

அன்பார்ந்தவர்களே! நம் வீடுகளிலும் ஆலயப் பாடகற்குழுக்களிலும் பிள்ளைகள் பியானோவோ கீபோர்டோ பழகுகிறார்கள். ஒரு பாடலைத் தட்டுத்தடுமாறி வாசித்ததும் நாம் கைத்தட்டுகிறோம். தட்டுவோம், தவறில்லை. ஆனால் மறுநாள் அதே ஸ்கேலை மறுபடி வாசிக்கச் சொல்லும் ஆசிரியரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஓய்வுபெற்றபின் பியானோ கற்க விரும்பும் பெரியவர்களும், பத்து வயதுப் பிள்ளையின் அருகில் அமர்ந்து அதே முதல் பாடத்தைப் படிக்க வெட்கப்பட வேண்டாம். செபத்திலும், குடும்ப உறவிலும், மன்னிப்பதிலும்கூட நாம் அடிக்கடி முதல் பாடத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அப்படித் திரும்பியவர் லிஸ்ட்; பத்து வயதில், இருபது வயதில், ஐம்பத்து மூன்று வயதில். திரும்புகிறவருக்குப் பொறுமையோடு கற்றுத்தர ஒரு செர்னியும் தேவை. இன்று நம் அருகில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்தச் செர்னியாக நாம் இருப்போமா?