கடற்கரையில் விளைந்த காவியம்

நுழையும்முன்

வரலாறு அரசர்களின் பெயரையும் போர்களின் ஆண்டையும் தருகிறது. அக்காலத்து மாந்தரின் நெஞ்சத்தைப் பெரும்பாலும் தருவதில்லை. அந்த இடைவெளியைக் கற்பனையால் நிரப்புவது வரலாற்றுப் புதினம். அக்கற்பனை காற்றில் மிதவாமல் மண்ணில் வேரூன்ற வேண்டுமெனக் கருதி உழைத்தவர் கல்கி. அவர் மாமல்லபுரக் கடற்கரையைப் புதினமாக்கிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் பணியும்

இரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் இயற்பெயர் கொண்ட கல்கி, 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சிராப்பள்ளியில் பயின்றபோது, ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று 1921இல் பள்ளிப் படிப்பைத் துறந்தார். மறு ஆண்டில் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பின்னர்த் திரு.வி.க.வின் 'நவசக்தி' இதழில் துணையாசிரியரானார்.

அதனையடுத்து இராஜாஜி நிறுவிய திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் தங்கி, மதுவிலக்கைப் பரப்பிய 'விமோசனம்' இதழில் பணியாற்றினார். திருச்செங்கோடும் அரூரும் அன்று ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தன. எளிய மக்களுக்கும் விளங்கும்படி எழுதும் நடை இப்பணிகளால் அவருக்கு வலுப்பெற்றது. 'ஆனந்த விகடன்' அவரைப் பெரும்புகழுக்கு உயர்த்தியது. 1941இல் சதாசிவத்துடன் இணைந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார்.

கடற்கரையில் ஒரு வித்து

இரசிகமணி டி.கே. சிதம்பரநாதருடன் ஒருமுறை கல்கி மாமல்லபுரம் சென்றிருந்தார். அங்குக் கடற்கரையில் அமர்ந்திருந்த வேளையில்தான் 'சிவகாமியின் சபதம்' கதைக்கான வித்து அவர் உள்ளத்தில் விழுந்தது. அவ்வித்து முளைத்து எழுத்தாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

இன்று அங்குச் செல்வோர் கற்கோயில்களையும் ஒற்றைக்கல் தேர்களையும் காண்பர். முற்றுப்பெறாத சிற்பங்களும் அங்கு உள்ளன. உளியின் தடம் மாறாத அப்பாறைகளைக் காண்பவர் உள்ளத்தில், செதுக்கிய கைகள் யாருடையவை, பணி ஏன் நின்றது என்னும் வினாக்கள் எழும். அச்சிற்பிகளின் வாழ்வைக் கல்வெட்டுகள் கூறவில்லை. அந்த மௌனத்திலிருந்து ஆயனச் சிற்பியையும் அவர் மகள் சிவகாமியையும் கல்கி படைத்தார்.

சான்றும் கற்பனையும்

கற்பனைக்கு முன் அவர் சான்றுகளைத் திரட்டினார். மகேந்திரவர்மன் கலை வளர்த்த மன்னன் என்பதும் 'மத்தவிலாசப் பிரகசனம்' இயற்றியவன் என்பதும் வரலாறு. அவன் மகன் நரசிம்மவர்மன் கி.பி. 642ஆம் ஆண்டளவில் சாளுக்கியரின் வாதாபியைக் கைப்பற்றினான். அப்படையெடுப்பில் பரஞ்சோதியார் ஆற்றிய பங்கைப் பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வரலாறு காட்டுகிறது. போர் நிகழ்ந்தது என்பது சான்று. நாட்டியப் பெண்ணொருத்தியின் சபதமும் அதற்குக் காரணம் என்பது கற்பனை. சான்று கூறும் முடிவைக் கற்பனை மாற்றவில்லை. அம்முடிவுக்கு மனித நெஞ்சத்தின் வலியைச் சேர்த்தது.

இம்முறையில் ஓர் இடரும் உண்டு. கற்பனை உயிர்ப்புடன் அமையும்தோறும் படிப்போர் அதனையே வரலாறு என நம்பக்கூடும். இதழில் வாரந்தோறும் வெளிவரும் தொடர்கதைக்கு இவ்விடர் மிகுதி. முந்தைய வாரத்தில் அச்சேறியதைத் திருத்த இயலாது. அடுத்த வாரத்து அத்தியாயம் காத்திருக்கும். 'பொன்னியின் செல்வன்' எழுதுகையில் கல்கி இப்பொறுப்பை உணர்ந்தே செயற்பட்டார். அன்பில் செப்பேடு போன்ற சான்றுகளைக் கதைக்கிடையிலேயே அறிமுகப்படுத்தினார்.

மீண்டும் ஒரு கடற்கரை

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதன் கதை கோடிக்கரையைத் தொட்டு, கடல் கடந்து இலங்கைக்குச் செல்கிறது. கோடிக்கரைக் குழகர் கோயில் சுந்தரர் பாடிய தலம். கடலோரத்தில் தனித்து நிற்கும் அக்கோயிலையும் உப்பங்கழியையும் புதைசேற்றையும் கல்கி கதைக்களமாக்கினார். படகோட்டும் பூங்குழலி அவரது கற்பனை. அவள் படகு செல்லும் கடலோ உண்மையானது. இக்கதைக்காக அவர் இலங்கைக்கும் பயணம் மேற்கொண்டார்.

புதினம் நிறைவுற்ற சில மாதங்களில், 1954 டிசம்பர் 5ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் அகவையில் கல்கி மறைந்தார். 'அலை ஓசை' புதினத்திற்கு 1956ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. பின்னாளில் அவர் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன.

நமக்குரிய வழி

கடலைக் காணாத மாணவருக்கும் கல்கியின் வழி உரியதே. அரூருக்கு வடகிழக்கே உள்ள செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்கள் சிலவற்றில் மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டுள்ளது. ஆநிரை காத்து மாண்ட வீரன் ஒருவனின் பெயரை ஒரு கல் கூறும். அவனுக்காக அழுதவர் யாரெனக் கூறாது. கல்லில் உள்ளதைப் பிழையின்றிப் படித்தறிவது முதற்பணி. அது கூறாததைப் பொறுப்புடன் எண்ணிப் பார்ப்பது அடுத்த பணி. இவ்விரண்டையும் இவ்வரிசையில் செய்தமையாலேயே கல்கியின் கடற்கரைகள் இன்றும் தமிழர் நெஞ்சில் நிலைத்திருக்கின்றன.