கொடுமுடி கோகிலத்தின் வெள்ளைப் புடவை... கதை எது? நிஜம் எது?

திண்டுக்கல்: பங்குனி உத்திரம் வந்தாச்சுன்னா கொடுமுடியில் காவிரித் தண்ணி எடுத்து, தீர்த்தக் காவடியோடு பழனிக்கு வரும் பக்தர் கூட்டத்தை நம்ம மாவட்டமே பார்க்கும். அந்தக் கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர்தான் கே.பி.சுந்தராம்பாள். 1965-ல் வந்த திருவிளையாடல் படத்தில், ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு பழனிக்கு வந்த முருகனை, அவ்வையாராக நின்று பாடியே சமாதானம் செய்தவர். அந்தக் கணீர்க் குரலை நம்ம ஊர் திருவிழா மைக் செட்டில் கேட்காதவர்கள் குறைவு.

ஆனா அவரோட சொந்த வாழ்க்கை பத்தி டீக்கடையில் ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. அதில் எது உண்மை? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

அப்பா இனிஷியல் இல்லை!

கே.பி. என்பதில் கே, கொடுமுடி. பி, அப்பா பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். அது அம்மா பாலாம்பாளின் பெயர். வறுமையில் வளர்ந்த குடும்பம். சின்ன வயசில் ரயிலில் பாடிய பிள்ளை, அந்தக் குரலாலேயே நாடக மேடைக்குப் போனார்.

கல்யாணம் நடந்ததா?

செங்கோட்டை கிட்டப்பாவோடு சும்மா சேர்ந்து வாழ்ந்தார் என்பது ரொம்ப நாள் வதந்தி. இது தப்பு. 1926-ல் இலங்கையில், கொழும்பு நாடக மேடையில் இருவரும் சேர்ந்தார்கள். வள்ளி திருமணம் நாடகத்துக்குக் கூட்டம் அலைமோதியது. 1927-ல் மாயவரத்தில் திருமணம் நடந்தது. அவர் பிராமணர், இவர் வேறு சாதி. ஊர் வாய் சும்மா இருக்குமா?

கிட்டப்பாவுக்கு ஏற்கனவே கிட்டம்மாள் என்ற மனைவி இருந்தார் என்பதும் உண்மைதான். ஆனால் இரண்டாம் தாரம் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949-ல்தான் வந்தது. 1927-ல் அது சட்டப்படி குற்றமே இல்லை. அதுக்காக ரெண்டு பெண்கள் பட்ட வேதனை இல்லைன்னு ஆயிடுமா?

பிரிந்தது யார்?

பேரும் பணமும் வந்ததும் சுந்தராம்பாள்தான் புருஷனை விட்டு விலகினார் என்பது இன்னொரு கதை. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. கர்ப்பமாக இருந்தபோது கணவர் வந்து பார்க்காத ஏக்கம்தான் அதில் தெரிகிறது. பிறந்த குழந்தையும் சில நாட்களில் இறந்துபோனது. விலகி ஓடிய பெண் இப்படியா எழுதுவார்?

1933 டிசம்பர் 2-ந்தேதி கிட்டப்பா காலமானார். 28 வயசு என்று பலரும் சொல்வார்கள். 1906 ஆகஸ்டில் பிறந்தவருக்கு அப்போது 27 தான் முடிந்திருந்தது. சுந்தராம்பாளுக்கு வயசு 25. அன்று கட்டிய வெள்ளைப் புடவையை 1980-ல் சாகும் வரை, ஏறக்குறைய 47 வருஷம் மாற்றவே இல்லை.

லட்ச ரூபாய் நிஜமா?

பக்த நந்தனார் படத்துக்கு 1 லட்சம் வாங்கியது உண்மை. படம் வந்தது 1935-ல்! நடிக்க மனசில்லாமல், கேட்க வந்தவர்களை விரட்டத்தான் அவ்வளவு பெரிய தொகை கேட்டார் என்பது வாய்வழிக் கதை. விரட்டப் பார்த்தாரோ இல்லையோ, பணம் கைக்கு வந்தது நிஜம்.

இனி எந்த ஆணோடும் ஜோடி சேர மாட்டேன் என்று சபதம் செய்தார் என்பார்கள். அவர் நடித்த வேடங்களைப் பார்த்தால் நம்பத்தான் தோணுது. முதல் படத்தில் ஆண் வேடம், நந்தனார். அப்புறம் 1940-ல் துறவி மணிமேகலை, 1953-ல் அவ்வையார், 1964-ல் பூம்புகாரில் சமணத் துறவி கவுந்தி அடிகள். ஒண்ணில்கூட கணவன், காதலன் கிடையாது!

வீட்டுக்குள் முடங்கினாரா?

வெள்ளைப் புடவையோடு மூலையில் உட்காரவில்லை. காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1958-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். 1969-ல் வந்த துணைவன் படத்தில் பாடியதற்குத் தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. அப்போது வயசு 60-ஐத் தாண்டிவிட்டது.

அம்மா பெயரை இனிஷியலாக வைத்து, யார் தயவும் இல்லாமல் ஜெயித்த பெண் அவர். அடுத்த பங்குனிக்கு மைக் செட்டில் அந்தக் குரல் கேட்கும்போது, யாராவது பழைய வதந்தியை எடுத்துவிட்டால், 1927 மாயவரம் கல்யாணத்தைச் சொல்லி வாயை அடையுங்கள்!