தம்பிரான் தோழரின் இல்லறம்

சைவ சமய குரவர் நால்வருள் திருநாவுக்கரசர் தொண்டு நெறியிலும், திருஞானசம்பந்தர் மகன்மை நெறியிலும், மாணிக்கவாசகர் ஞான நெறியிலும் நின்று இறைவனை அடைந்தனர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் நின்றது தோழமை நெறி. தோழமையில் உரிமை உண்டு, ஊடல் உண்டு, நகையும் உண்டு. துறவுக் கோலம் பூணாது, மணக்கோலத்தோடே வாழ்ந்து, வீட்டுச் செலவிற்கும் மனைவியின் பிணக்கிற்கும் இறைவனிடமே சென்று நின்றவர் அவர். ஆயினும் அவ்வுரிமைக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதை அவருடைய வரலாறே உணர்த்துகின்றது.

திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில், ஆதிசைவராகிய சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகனாகத் தோன்றியவர் நம்பியாரூரர். அவர் கி.பி. 8-ஆம் நூற்றாண்டினர் என்பது அறிஞர் பலரின் கருத்து. தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய அக்குழந்தையின் அழகில் உளம் நெகிழ்ந்த நரசிங்கமுனையரையர், பெற்றோரை வேண்டிப் பெற்று, அரசிளங்குமரராகவே வளர்த்தார்.

மணப்பருவம் எய்தியதும் புத்தூர்ச் சடங்கவியார் மகளாரை மணம் பேசினர். மணப்பந்தரில் ஒரு கிழவேதியர் புகுந்து, மணமகன் தமக்கு வழியடிமை என வழக்கிட்டார். அவையோர் சிரித்தனர், நம்பியோ அவரைப் பித்தர் என்று இகழ்ந்து, ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழவர் சற்றும் அசையவில்லை. கிழிந்தது படியோலை, மூலவோலை தம்மிடம் உளது என்றார். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் அவ்வோலையை நம்பியின் பாட்டனார் கையெழுத்தோடு ஒப்புநோக்கினர். வழக்கில் நம்பி தோற்றார். கிழவரின் வீடு எங்கே என்று கேட்டபோது, அவர் திருவருட்டுறைக் கோயிலுள் புகுந்து மறைந்தார். வழக்காட வந்தவர் யாரென அப்போதுதான் விளங்கிற்று. வைத வசைச் சொல்லையே முதலாக வைத்துப் பாடுமாறு பெருமான் பணித்தார். உலகில் எவரும் தம்மை ஏசிய சொல்லை மறக்கவே விரும்புவர். இறைவனோ அதனையே பாமாலையின் முதற்பூவாக ஏற்றார். மணம் தடைப்பட்ட புத்தூர் நங்கையாரும் நம்பியையே நினைந்திருந்து சிவலோகம் சேர்ந்தார்.

பின்னர்த் திருவாரூரில் பரவையாரை மணந்து இல்லறம் நடத்தினார் நம்பி. குண்டையூர்க் கிழார் அவர்க்கு அளித்த நெல் மலைபோற் குவிந்தது. எடுத்துச் செல்ல ஆள் இல்லை. இறைவன் அருளால் பூதங்கள் ஓரிரவில் அதனைச் சுமந்து வந்து ஆரூர்த் தெருக்களையெல்லாம் நிறைத்தன. விடிந்ததும் வழி நடக்கவும் இடமில்லை. பரவையார் அந்நெல்லைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அவரவர் மனையின் முன் கிடந்ததை அவரவரே கொள்க எனப் பறை அறைவித்தார். அருளால் வந்த பொருளை ஊரோடு பகிர்ந்துண்டமையே அவ்வில்லத்தின் செல்வம்.

திருமுதுகுன்றத்தில் 12,000 பொன் கிடைத்தபோது, அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி இறைவன் பணித்தார். மாற்று அறிவதற்கு மச்சம் வெட்டி வைத்துக்கொண்டு, எஞ்சியதை ஆற்றில் இட்டு ஊர் திரும்பினார் நம்பி. கமலாலயக் குளத்தில் இறங்கித் துழாவும் கணவரைக் கரையில் நின்று கண்ட பரவையார், ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவதும் ஓர் அருளோ என நகைத்தார். மனைவியின் நகைப்புக்கு நாணிய நம்பி பதிகம் பாடினார், பொன் வந்தது. மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது! மீண்டும் பாடியே மாற்றையும் நிரப்பிக்கொண்டார். தோழரே தந்த பொன்னாயினும் உரைத்துப் பார்த்து வாங்கிய உரிமையை என்னென்பது!

திருநாட்டியத்தான்குடியில் கோட்புலியார் தம் மகளிர் சிங்கடியாரையும் வனப்பகையாரையும் அவர்க்கு அடிமையாக அளிக்க முன்வந்தார். நம்பி அவர்களைத் தம் மக்களாகவே ஏற்று மடிமீது இருத்தி உச்சி மோந்தார்; பின்பு பாடிய பதிகங்களில் தம்மைச் சிங்கடியின் தந்தை என்றே குறித்தார். தல யாத்திரையில் அவர் பசித்திருக்கப் பொறாத பெருமான், திருக்கச்சூரில் நண்பகல் வெயிலில் வீடுதோறும் இரந்து வந்து சோறிட்டார்.

இத்தகைய தோழமையைத் திருவொற்றியூரில் ஒரு சூழ்ச்சிக்குப் பயன்படுத்த முயன்றார் நம்பி. அங்குச் சங்கிலியாரை மணக்கும்போது, அவரைப் பிரியேன் எனச் சூளுரைக்க வேண்டியிருந்தது. ஆரூரை மறக்க இயலாத நம்பி, சந்நிதியில் சூளுரைக்கும் நேரத்தில் மகிழமரத்தில் சென்று இருக்குமாறு இறைவனை வேண்டினார். இறைவனும் இசைந்தார், ஆனால் மகிழின்கீழ்ச் சூளுரைக்கக் கேட்கும்படி சங்கிலியார்க்குக் கனவில் அறிவித்துவிட்டார். நம்பி வகையறியாது மகிழின்கீழேயே சூளுரைத்தார். வசந்தவிழாக் காலத்தில் ஆரூர் நினைவு மேலிட, ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளி இழந்தன. தம்மைப் பித்தர் என்றதைப் பொறுத்த பெருமான், நம்பிச் சூளேற்ற ஒரு பெண்ணுக்கு இழைத்த பிழையைப் பொறுத்தாரல்லர். எனினும் கைவிடவுமில்லை: திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் தந்தார், காஞ்சியில் இடக்கண் தந்தார், திருவாரூரில் வலக்கண் தந்தார்.

கண் பெற்றும் பரவையார் மனைக்கதவம் திறக்கவில்லை. ஒற்றியூர் மணம் அவர் காதிற்கு எட்டியிருந்தது. நம்பி வேண்ட, தியாகேசப் பெருமான் அருச்சகர் கோலத்தில் நள்ளிரவில் தூது நடந்தார். பரவையார் மறுத்துவிட்டார். பெருமான் சிரித்தபடி திரும்பினார், நம்பியோ விடவில்லை. இரண்டாம் முறை தம் உண்மைக் கோலத்துடன் பெருமான் எழுந்தருளவே, பரவையார் ஊடல் தீர்ந்தார்.

இறைவனைப் பெண்ணிடம் தூதனுப்புவதோ என்று ஏயர்கோன் கலிக்காமர் கொதித்தார். சூலை நோயைக் கொடுத்து, அதனை நம்பியே தீர்க்க வேண்டும் என்றார் இறைவன். அதற்கு உடன்படாது கலிக்காமர் உயிர்நீத்தார். அது கண்ட நம்பி அவ்வுடைவாளாலேயே தாமும் மாயத் துணிந்தார். அக்கணமே அருளால் உயிர்பெற்ற கலிக்காமர் அவர் கையைப் பற்றித் தடுத்தார், பகை நட்பாயிற்று. சினந்தவர்க்காக உயிரையும் விடத் துணிந்த அந்நெஞ்சமே, நம்பியின் விளையாட்டிற்கெல்லாம் அடியில் இருந்த அன்பைக் காட்டிற்று.

சேரமான் பெருமாளோடு நட்புப் பூண்டு, தம் 18-ஆம் அகவையில், ஆடிச் சுவாதி நாளில், திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளானை மீது அவர் கயிலை சேர்ந்தார் என்பது மரபு. அவர் அருளிய பதிகங்களுள் இன்று கிடைப்பவை 100. அவையே ஏழாம் திருமுறை.

அவர் பாடிய திருத்தொண்டத்தொகையை முதலாகக் கொண்டே, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் அருளினார். அடியார் அனைவரையும் நிரல்பட வணங்கிய நம்பி, வீட்டில் நகைத்த மனைவியையும் மடியிலிருந்த மகளிரையும் அவ்வன்பிற்குப் புறம்பாக வைக்கவில்லை. திருப்பணிக்குப் பொருள் ஈவோர்க்கும், குடமுழுக்குக் கண்டு மனை திரும்புவோர்க்கும் அவர் வாழ்வு காட்டும் நெறி இதுவே: கோயிலில் இறைவனுக்கு அளித்த சொல்லையும் மனையில் மனைவிக்கு அளித்த சொல்லையும் கேட்கும் செவி ஒன்றே. அச்சொல் வழுவாத இல்லங்களில் நகையும் அருளும் என்றும் நிலைபெறுக!