சுரங்கத்துக்குள் இறங்கிய சட்ட மேதை: தொழிலாளர் துறையில் அம்பேத்கரின் 4 ஆண்டுகள்

புது தில்லி: அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராகவும் தாழ்த்தப்பட்ட மக்களின் உரிமைக் குரலாகவும் நாடு அறிந்த டாக்டர் அம்பேத்கர், அதற்கு முன்பே தில்லியில் நான்கு ஆண்டுகள் தொழிலாளர் துறையை நிர்வகித்தவர். 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்ற அவர், 1946-ம் ஆண்டின் நடுப்பகுதி வரை அப்பதவியில் இருந்தார். இன்றைய மத்திய அமைச்சருக்கு இணையான பதவி அது.

ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைப்போரின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் சட்டம் அளிக்கும் பாதுகாப்பில் பெரும் பகுதிக்கு அந்த நான்கு ஆண்டுகளில்தான் அடித்தளம் இடப்பட்டது. அவரது பொதுவாழ்வில் கடும் எதிர்ப்பைச் சந்தித்த முடிவுகளில் ஒன்றும் அதே காலத்தைச் சேர்ந்ததுதான்.

பரேல் குடியிருப்பில்: 1891 ஏப்ரல் 14-ம் தேதி இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் என்ற ராணுவக் குடியிருப்பு நகரில் பிறந்தார் அம்பேத்கர். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தபோது, பஞ்சாலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பரேல் பகுதியின் ஒற்றை அறைக் குடியிருப்புதான் வீடாக அமைந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் பயின்று, பொருளாதார ஆய்வுப் பட்டங்களும் பாரிஸ்டர் தகுதியும் பெற்றுத் திரும்பிய பிறகும் பல ஆண்டுகள் அவர் தொழிலாளர்களுக்கு இடையில்தான் வாழ்ந்தார்.

பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவுக்குக் கூலி அதிகம். ஆனால் அப்பிரிவில் தாழ்த்தப்பட்டோருக்கு இடமில்லை. தறியில் ஊடு நூலைச் சுமந்து ஓடும் நாடாவின் துளை வழியே நூலைக் கோப்பதற்கு நெசவாளர் அதை வாயால் உறிஞ்சி இழுப்பது வழக்கம். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவரும் வாய் வைக்க நேரும். தீண்டாமை பாராட்டிய சக தொழிலாளர்கள் இதைக் காரணம் காட்டியே தாழ்த்தப்பட்டோரைத் தறியருகே விடவில்லை. பஞ்சுத் தூசியை நுரையீரலுக்குள் இழுக்கவும், ஒருவரின் நோயை மற்றவருக்குப் பரப்பவும் வழிசெய்த அந்த வழக்கம், சாதித் தடையாகவும் நின்றது. 1928-ல் நடந்த மாபெரும் பம்பாய் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் அம்பேத்கர் வலியுறுத்தினார்.

அதே 1928-ல் பம்பாய் சட்ட மேலவை உறுப்பினராக, ஆலைகளில் பணிபுரியும் பெண்களுக்குப் பேறுகால உதவி வழங்கும் மசோதாவை ஆதரித்து வாதாடினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் சார்ந்தது என்பதும், அதன் செலவில் அரசுக்கும் பங்கு உண்டு என்பதும் அவரது நிலை. அம்மசோதா 1929-ல் சட்டமாயிற்று.

1936-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கி, மறு ஆண்டுத் தேர்தலில் வென்று மாகாணச் சட்டப்பேரவைக்குச் சென்றார். வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்திய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, 1938 நவம்பர் 7-ம் தேதி கம்யூனிஸ்டுகளுடன் இணைந்து ஒருநாள் வேலைநிறுத்தத்தை நடத்தினார்.

ஒரே மேசையில் மூன்று தரப்பு: அத்தகைய ஒருவர், வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடிக்கவிருந்த நேரத்தில் பிரிட்டிஷ் அரசின் நிர்வாகத்தில் இடம்பெற்றது பெரும் விமர்சனத்துக்கு உள்ளானது. அந்த விமர்சனம் இன்றும் ஓயவில்லை. பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, 1942 ஆகஸ்டில் தில்லியில் முத்தரப்புத் தொழிலாளர் மாநாட்டை அவர் தலைமையேற்று நடத்தினார். அதுவரை அரசுகளின் பிரதிநிதிகள் மட்டுமே கூடிப் பேசிவந்தனர். அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய மூன்று தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து தொழிலாளர் சட்டங்களை விவாதிக்கும் மரபு அப்போது நிலைபெற்றது. பின்னர் இந்தியத் தொழிலாளர் மாநாடு என்ற பெயரில் தொடர்ந்தது அந்த அமைப்புதான்.

எந்தத் தொழிலில் என்ன ஆபத்து உள்ளது, கூலி எவ்வளவு, குடியிருப்பு எப்படி என்ற விவரங்கள் அரசிடம் முழுமையாக இல்லாததால், 1944 பிப்ரவரியில் டி.வி. ரெகே தலைமையில் தொழிலாளர் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஆலைகள், சுரங்கங்கள், தோட்டங்கள் எனப் பல தொழில்களை ஆராய்ந்த அக்குழு 1946-ல் அறிக்கை அளித்தது. தொழிற்சாலைப் பாதுகாப்பு குறித்து மத்திய, மாகாண அரசுகளுக்கு ஆலோசனை கூறத் தலைமை ஆலோசகர் அலுவலகம் 1945-ல் மத்தியத் தொழிலாளர் துறையின்கீழ் தொடங்கப்பட்டது. தொழிற்சாலை ஆலோசனைப் பணி மற்றும் தொழிலாளர் நிலையங்களின் தலைமை இயக்ககமாகப் பிற்காலத்தில் வளர்ந்தது அதுவே.

தன்பாத் பயணம்: அம்பேத்கரிடம் இருந்த துறையின் பொறுப்பில் சுரங்கங்களும் அடங்கும். போர்க்காலத்தில் ரயில்களும் உருக்காலைகளும் ஆயுதத் தொழிற்சாலைகளும் நிலக்கரியை நம்பி ஓடின. அந்த நிலக்கரியை வெட்டியெடுத்தவர்களோ மேற்கூரைச் சரிவு, தீப்பற்றும் வாயு, திடீர் வெள்ளம், மூச்சை அடைக்கும் தூசி ஆகியவற்றுக்கு நடுவே உழைத்தனர். 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரி வயல்களுக்குச் சென்ற அம்பேத்கர், சுரங்கத்துக்குள் இறங்கி வேலை நடக்கும் முறையைப் பார்வையிட்டார். தொழிலாளர் குடியிருப்புகளையும் கண்டார்.

1944 ஜனவரி இறுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நிலக்கரி மீது தீர்வை விதித்து, அத்தொகையைத் தொழிலாளரின் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்குச் செலவிட அது வகைசெய்தது. முதலாளியின் தயவை நம்பியிருந்த நலப்பணிக்கு நிரந்தர வருவாய் கிடைத்தது. 1947-ல் இது முழுமையான சட்டமாக்கப்பட்டது. மைக்கா சுரங்கத் தொழிலாளர்களுக்கு 1946-ல் இதேபோன்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தாய்மார்கள் வேலை செய்யும்போது குழந்தைகளைப் பாதுகாக்கக் காப்பகங்கள், கரித்தூசியைக் கழுவிவிட்டு வீடு திரும்ப சுரங்க வாயிலில் குளியலறைகள் ஆகியவற்றுக்கான விதிகளும் இக்காலத்தில் உருவானவை.

அகற்றப்பட்ட தடை: பூமிக்கடியில் பெண்கள் வேலை செய்வது 1929 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1937-ல் முற்றிலும் தடை செய்யப்பட்டிருந்தது. அதைத் தடுக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கையையும் இந்தியா 1938-ல் ஏற்றிருந்தது. ஆனால் போர்க்காலக் கட்டுமானப் பணிகளுக்கு ஆட்கள் சென்றுவிட்டதால் சுரங்கங்களில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டு, உற்பத்தி சரிந்தது. 1943-ல் அரசு அந்தத் தடையை நீக்கியது. அம்பேத்கர் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பாக இருந்தபோதே இது நடந்தது.

பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கத்தினரும் கொதித்தெழுந்தனர். கூலியை உயர்த்தினால் ஆண் தொழிலாளர்கள் திரும்பி வருவார்கள், அதைச் செய்யாமல் பெண்களை ஆபத்துக்குள் தள்ளுவதா என்பது அவர்களின் கேள்வி. 1944 பிப்ரவரியில் மத்தியச் சட்டப்பேரவையில் இது குறித்து ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. அரசுத் தரப்பில் பதிலளிக்க வேண்டிய பொறுப்பு அம்பேத்கருடையது. போர்க்கால அவசரத்தை எடுத்துரைத்த அவர், இது தற்காலிக ஏற்பாடே என்றும், ஒரே வேலைக்கு ஆண், பெண் இருவருக்கும் ஒரே கூலி என்ற நிபந்தனை விதிக்கப்பட்டிருப்பதாகவும் வாதிட்டார். பம்பாய் மேலவையில் தாய்மாருக்காகப் பேசியவரே தில்லியில் இவ்வாறு வாதிட நேர்ந்தது.

உற்பத்திக்கும் பாதுகாப்புக்கும் ஒரே அமைச்சகம் பொறுப்பேற்கும்போது நேரும் சிக்கலை இந்த நிகழ்வு காட்டுகிறது. சுரங்கப் பெண்களுக்கான பேறுகால உதவிச் சட்டம், அவர்கள் பூமிக்கடியில் வேலை செய்யத் தொடங்கிய நிலையைக் கருத்தில் கொண்டு 1945-ல் விரிவாக்கப்பட்டது. போர் முடிந்ததும், 1946 பிப்ரவரி முதல் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. தற்காலிகம் என்று அவையில் அளித்த உறுதி அவர் பதவியில் இருந்தபோதே நிறைவேறியது.

துறைமுகத்தில் பெரும் வெடிப்பு: 1944 ஏப்ரல் 14-ம் தேதி, அம்பேத்கர் 53 வயதை நிறைவு செய்த நாளில், பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் போர்ட் ஸ்டிகின் என்ற சரக்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. சுமார் 1,400 டன் வெடிபொருளும் பஞ்சுப் பொதிகளும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சில் பற்றிய தீ வெடிபொருளை எட்டியதால் நூற்றுக்கணக்கான உயிர்கள் பலியாயின. தீயை அணைக்கப் போராடிய தீயணைப்பு வீரர்களில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ல் தொடங்கித் தீயணைப்புப் பணி வாரம் நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. அம்பேத்கர் பிறந்த நாள் விழாக்களும் அதே நாளில்தான் நடைபெறுகின்றன.

48 மணி நேரம்: அன்றாட வேலை நேரத்தை 14 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தவர் அம்பேத்கர் என்று மேடைகளில் கூறப்படுவதுண்டு. சட்ட ஏடுகள் காட்டும் கணக்கு சற்று வேறு. 1934-ம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமும், பருவகால ஆலைகளில் 60 மணி நேரமும் உச்சவரம்பாக இருந்தன. 1946-ல் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தம் இவற்றை முறையே 48 மணி, 50 மணி எனக் குறைத்தது. கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலியும் வகுக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் இது நடைமுறைக்கு வந்தது. களைப்புற்ற தொழிலாளியின் கைதான் எந்திரத்தில் சிக்கும் என்பதால் இது விபத்துத் தடுப்பு நடவடிக்கையும் ஆகும். சம்பளத்துடன் கூடிய விடுமுறை 1945-ம் ஆண்டுத் திருத்தத்தால் கிடைத்தது.

தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றிப் பேராசிரியர் பி.பி. அதார்கர் 1944-ல் அளித்த அறிக்கையும் இத்துறையின் ஏற்பாட்டில் உருவானது. நோய், பேறுகாலம், பணியிடக் காயம் ஆகியவற்றுக்கு உதவும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948-ல் இயற்றப்பட்டு, 1952 பிப்ரவரியில் திட்டம் தொடங்கப்பட்டது.

அரசியல் சட்டத்தில்: இடைக்கால அரசில் ஜகஜீவன் ராம் தொழிலாளர் துறையை ஏற்றார். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அவர் காலத்தில் நிறைவேறியபோது அம்பேத்கர் சட்ட அமைச்சர். அவர் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசியல் சட்டத்தின் 24-வது பிரிவு, 14 வயதுக்கு உள்பட்ட சிறாரை ஆலைகளிலும் சுரங்கங்களிலும் ஆபத்தான வேலைகளிலும் அமர்த்துவதைத் தடுக்கிறது. தொழிலாளரின் உடல்நலமும் வலிமையும் சுரண்டப்படக் கூடாது என்று 39-வது பிரிவும், மனிதத்தன்மையுள்ள பணிச்சூழலும் பேறுகால உதவியும் உறுதி செய்யப்பட வேண்டும் என்று 42-வது பிரிவும் கூறுகின்றன. சுரங்கப் பாதுகாப்பு மத்தியப் பட்டியலிலும், தொழிற்சாலைகள் பொதுப் பட்டியலிலும் வைக்கப்பட்டன.

1956 டிசம்பர் 6-ம் தேதி தில்லி அலிப்பூர் சாலை இல்லத்தில் அம்பேத்கர் காலமானார். அவர் பார்வையிட்ட தன்பாத் பகுதியில், சாஸ்நாலா சுரங்கத்தில் 1975 டிசம்பர் 27-ம் தேதி வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1984 டிசம்பரில் போபால் நச்சுவாயு விபத்து நேர்ந்த பிறகே, ஆபத்தான ரசாயனத் தொழில்களுக்கான தனி அத்தியாயம் 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சட்டம் இருந்தும் கண்காணிப்புத் தவறியபோதெல்லாம் உயிர்கள் விலையாயின.

தொழிற்சாலைகள் சட்டம், சுரங்கச் சட்டம் உள்பட 13 சட்டங்களை ஒன்றாக்கிய பணிப்பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பு 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. மின்சக்தியில் இயங்கும் கூடம் தொழிற்சாலை எனக் கருதப்பட 10 பேர் போதும் என்றிருந்த வரம்பு 20 ஆக உயர்ந்துள்ளது. ஆய்வாளர், ஆய்வாளர் மற்றும் உதவியாளராகப் பெயர் மாறியுள்ளார். பூமிக்கடியில் பெண்கள் பணிபுரிவதற்கு 2019-ல் நிபந்தனைகளுடன் திறக்கப்பட்ட வழி, அவர்களின் சம்மதத்துடன் எல்லாப் பணிகளுக்கும் விரிந்துள்ளது. பெண்களுக்குச் சம வாய்ப்பு என்கிறது ஆதரவுத் தரப்பு. சிறு கூடங்களின் தொழிலாளர்கள் கண்காணிப்புக்கு வெளியே தள்ளப்படுவர் என்கின்றன தொழிற்சங்கங்கள். 1944-ல் மத்தியச் சட்டப்பேரவையில் நடந்த விவாதத்தின் பதிவுகளை இரு தரப்பும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பயன் தரும்.